மாமன் வீட்டுச் சாவுக்குத் தீட்டில்லை

நேற்று மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னைப் படுக்க வைத்து, நெஞ்சிலும் கை கால்களிலும் குளிர்ந்த பசையைத் தடவினார்கள். அதற்கு முன்னால் நர்ஸ் பெண், "உடம்புல இரும்பு, வெள்ளி ஏதாச்சும் இருந்தா கழட்டிருங்கம்மா" என்றாள். கொலுசைக் கழற்றினேன். மெட்டி கழன்று வரவில்லை, பரவாயில்லை என்றாள். இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னம்மா இம்புட்டுப் பெரிசா இருக்கு? எந்தப் பூட்டுக்கு இது?" என்று கேட்டாள்.

எந்தப் பூட்டுக்கு என்று எனக்கு எப்படித் தெரியும்? உனக்கே தெரியாதே.

சிரிக்காதே. அந்த இடத்தில் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. மிஷினிலிருந்து நீளமாகக் காகிதம் வந்துகொண்டிருந்தது, நான் கூரையைப் பார்த்துக்கொண்டு உன்னை நினைத்துக்கொண்டு கிடந்தேன். சிரித்தால் கோடு கோணலாகிவிடும் என்று அந்தப் பெண் அதட்டினாள். எனக்கு நோய் என்று அங்கே போகவில்லை. என் சின்ன மகள் பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்தில் பாதி வழியில் சுருண்டு விழுந்துவிட்டாள். அவளைக் காட்டப் போன இடத்தில் என்னையும் படுக்க வைத்துவிட்டார்கள். ஏன் என்பதைச் சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன். தலை குழம்பிக் கிடக்கிறது. முன்னுக்குப் பின்னாகச் சொன்னால் நீதான் சரிசெய்து படித்துக்கொள்ள வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது? என் அப்பாவிலிருந்து தொடங்கினால்தான் ஒழுங்கு. ஆனால் உன்னை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த பஸ்தான்.

சாணார்பட்டிப் பக்கம் நம் ஊரிலிருந்து திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் காலையில் ஒரே ஒரு பஸ். அதை விட்டால் பூ வாடிவிடும், விலை பாதியாகிவிடும். உன் வீட்டுத் தோட்டத்துச் சம்பங்கியும் எங்கள் வீட்டுத் தோட்டத்துக் கனகாம்பரமும் ஒரே பஸ்ஸில்தான் போகும். உன் அம்மா என் அப்பாவின் தங்கை. எனக்கு அத்தை. பக்கத்துத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டதால் நீயும் நானும் ஒன்றாகவே வளர்ந்தோம். உனக்கு அண்ணன் கிடையாது, என்னைக் கட்டிக்கொடுக்க வழியும் கிடையாது. ஆனாலும் ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். "மதினி, பஸ்ஸு வந்துருச்சு, ஓடு ஓடு" என்று நீ கத்தியது இப்போதும் காதில் இருக்கிறது.

நீ ஓடினாய். தலையில் கூடை. நான் பின்னால் வந்தேன். பஸ்ஸைத் தொடுகிற தூரத்தில் நீ அப்படியே மடங்கி உட்கார்ந்தாய், பிறகு சாய்ந்தாய். கூடை கவிழ்ந்து சம்பங்கி முழுவதும் புழுதியில் சிதறியது. உன் முகம் வெளுத்திருந்தது. கை கால் இழுக்கவில்லை, நுரை தள்ளவில்லை. துவண்டு கிடந்தாய், அவ்வளவுதான். பஸ்ஸுக்குள்ளிருந்து எல்லோரும் இறங்கிவிட்டார்கள். திண்டுக்கல்லுக்குப் பூட்டு கொண்டுபோகிற ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். "வலிப்பு. இரும்பக் குடுங்க, இரும்பக் குடுங்க" என்று சொல்லிக்கொண்டே தன் சாக்குப்பைக்குள் கையைவிட்டு, கைக்கு வந்த ஒரு சாவியை உன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். நீ கண்ணைத் திறந்தாய். எழுந்து உட்கார்ந்தாய். முதலில் நீ கேட்டது என்ன தெரியுமா? "எம்பூவு எங்க?"

சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் வாங்கவில்லை. "நீயே வச்சுக்க தாயி. அது ஒனக்கு வேல செஞ்சிருச்சு" என்றார். பூட்டில்லாத சாவி உனக்கு வந்தது அப்படித்தான். அன்றிலிருந்து அது உன் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

இப்போது அப்பா. அந்த பஸ்ஸுக்கு நாலைந்து வருஷத்துக்கு முன்னால், நாமிருவரும் பாவாடை கட்டிக்கொண்டு திரிந்த காலத்தில், அவர் கிணற்றில் போய்விட்டார். அவருடைய நீச்சலைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, உனக்கு அவர்தான் கற்றுக்கொடுத்தார். யார் வீட்டு வாளி கிணற்றில் விழுந்தாலும் பாதாளக்கரண்டியைத் தேடுவதற்கு முன்னால் அவரைத்தான் தேடுவார்கள். அன்றைக்கும் ஒரு வாளிதான். குதித்தார், உள்ளே போனார், மேலே வந்து ஒரு தடவை மூச்சு வாங்கினார், "கெடச்சிருச்சு, கவுத்த விடுங்க" என்றார். கயிற்றை விட்டார்கள். அதைப் பிடிக்க ஆள் இல்லை. தலையில் அடிபடவில்லை, கால் சேற்றில் சிக்கவில்லை. மத்தியான வெயிலில் கிணற்று முனி அடித்துவிட்டது என்று ஊர் சொன்னது. கிணற்றடியில் கிடா வெட்டிப் பொங்கல் வைத்தார்கள். அதோடு அந்தச் சாவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

அத்தை உன்னை அன்றிலிருந்து கிணற்றுப் பக்கம் விடவில்லை. நீ எவ்வளவு கெஞ்சினாய்! "மாமனக் கொண்டுபோன தண்ணி ஒன்னையும் கொண்டுபோகும்" என்பார். நேற்று மதுரை டாக்டரம்மா ஒரு விஷயம் சொன்னார். என் மகளை விழவைத்த கோளாறு உள்ளவர்களுக்குத் தண்ணீரும் ஓட்டமும்தான் ஆபத்தாம். அப்படியானால் முனிக்குப் பயந்து அத்தை செய்தது சரியா? தப்பான காரணத்துக்காகச் செய்த சரியான காரியத்தை என்னவென்று சொல்வது? எனக்குத் தெரியவில்லை.

அந்த பஸ் நாளுக்குப் பிறகு நீ இரண்டு தரமோ மூன்று தரமோ விழுந்தாய். கோயில் திருவிழாவில் வேட்டுப் போட்டபோது, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அப்படியே சரிந்தாய். ஒவ்வொரு தரமும் சாவியைக் கையில் வைத்தோம், ஒவ்வொரு தரமும் எழுந்தாய். ஊரில் சாவிக்குப் பேர் வந்துவிட்டது. வேறு யாருக்கோ வலிப்பு வந்தபோது கூட அதைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். நீ பெருமையாகக் கழற்றிக் கொடுத்து, "பத்தரமாத் திருப்பித் தரணும்" என்று சொல்லி அனுப்பினாய். நீ எழுந்திருப்பதை நாங்கள் எல்லோரும் அவ்வளவு நம்பினோம். விழுவதைப் பற்றி யாரும் நினைக்கவே இல்லை.

பழனிப் பக்கம் கீரனூரிலிருந்து உன்னைப் பெண் கேட்டு வந்தார்களே, அப்போதுதான் பயம் வந்தது. விழுகிறவள் என்ற பேச்சு அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. பையனுக்கு உன்னைப் பிடித்துவிட்டது, அவன் அம்மாவுக்குத்தான் சந்தேகம். "ஏனுங்க, புள்ளைக்கு ஏதோ வலிப்புனு சொல்றாங்களே. ஒரு டாக்டர்கிட்டக் காட்டிப்போட்டு வந்தீங்கன்னா எங்களுக்கும் நெம்பத் தைரியமா இருக்குமுங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார். மாமா, உன் அப்பா, அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை.

திண்டுக்கல்லில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் அந்த டாக்டர். மதராசில் படித்துவிட்டுப் புதிதாக வந்தவர். மெலிந்த முகம், பேசும்போது பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவார். உன் நாடியைப் பிடித்தார், குழலை வைத்துக் கேட்டார், நாக்கை நீட்டச் சொன்னார். இதெல்லாம் யாரும் செய்வார்கள். ஆனால் அவர் கேட்ட கேள்விகள் வேறு மாதிரி இருந்தன.

"விழுறதுக்கு முன்னாடி என்ன செஞ்சுக்கிட்டு இருந்த?"

"ஓடுனேன்."

"அடுத்த தடவை?"

"அப்பயும் ஓடுனேன். ஒரு தடவ மட்டும் வேட்டுச் சத்தம்."

"கை கால் வெட்டி இழுத்துச்சா?"

அதற்கு நான்தான் பதில் சொன்னேன். "இல்லைங்க. துவண்டு போயிருவா. செத்த நேரத்துல அவளாவே எந்திரிச்சிருவா." நீ என்னை இடித்து, "சாவியச் சொல்லு" என்று முணுமுணுத்தாய். அவர் சாவியை வாங்கிப் பார்த்து, சிரிக்காமல் திருப்பிக் கொடுத்தார். சிரிக்காததற்காக எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

பிறகு மாமாவின் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். "உங்க ரத்த சொந்தத்துல யாராவது சின்ன வயசுல, நோய் நொடி எதுவும் இல்லாம, திடீர்னு இறந்துபோயிருக்காங்களா?"

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பொய் சொல்லுகிற ஆளில்லை. விரலை மடக்கிப் பங்காளி வீடு ஒவ்வொன்றாகச் சொன்னார். தன் அப்பா முதிர்ந்த வயதிலும் கம்பு ஊன்றாமலே இருந்து போய்ச் சேர்ந்ததைச் சொன்னார். பெரியப்பா, சித்தப்பா, அவர்கள் பிள்ளைகள், ஒரு குலசாமியைக் கும்பிடுகிற எல்லோரும், ஒருவருக்குச் சாவு என்றால் தீட்டுக் காக்கிற எல்லோரும் அந்தக் கணக்கில் வந்தார்கள். "எங்க வகையறாவுல அப்படி ஒரு சாவு கெடையாதுங்க. எல்லாம் காச்ச மரத்துல கனிஞ்சு விழுந்த சாவுதான்" என்றார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இதை வச்சுத்தான் நான் முடிவு செய்யணும். அப்படி யாராவது இருந்தா மதுரைக்கு எழுதித் தாரேன், இதயத்தோட ஓட்டத்த மிஷின்ல படம் எடுக்கணும்."

"சத்தியமா இல்லைங்க."

அத்தை கதவோரத்தில் நின்றிருந்தார். அவருடைய சொந்த அண்ணன் அப்படித்தான் போனார். நான் உன் பக்கத்தில் நின்றிருந்தேன். என் சொந்த அப்பா அப்படித்தான் போனார். அந்த அறையில் அந்தக் கேள்விக்குப் பதில் இரண்டு ஆளாக நின்றுகொண்டிருந்தது. யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. மறைத்தேன் என்று நினைக்காதே. மறைப்பதற்கு அது மனதில் இருக்க வேண்டுமே! அப்பா கிணற்றில் செத்தார், முனி அடித்துச் செத்தார். மேலும் அவர் உன் மாமன், உன் குடும்பம் இல்லை. உனக்குக் காது குத்த மாமன் மடி வேண்டும், நீ பெரியவளானபோது மாமன் சீர் வேண்டும் என்று அப்பா இல்லாத குறைக்கு என் சித்தப்பா வந்து தட்டு வைத்தார், கல்யாணத்துக்கு மாமன் மாலை வேண்டும். சாவுக் கணக்கில் மட்டும் மாமன் வேறு வீடு. மாமன் வீட்டுச் சாவுக்கு உங்கள் வீட்டில் தீட்டில்லை. தலைக்குக் குளித்தால் முடிந்தது.

"அப்ப பயப்பட ஒண்ணுமில்ல" என்று டாக்டர் பேனாவை மூடினார். நரம்புக்கு மாத்திரை எழுதினார், கல்யாணம் செய்யலாம் என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வருமா என்று பலமுறை பார்த்துவிட்டேன். வரவில்லை. சரியான கேள்வியைத்தான் கேட்டார். எங்களுக்குத் தெரிந்த பதிலைத்தான் சொன்னோம்.

மாமாவுக்கு அன்று வந்த சந்தோஷத்தை நீ மறந்திருக்க மாட்டாய். பிரியாணிக் கடைக்குள் பெண்பிள்ளைகள் உட்கார முடியாது என்று இலையில் கட்டி வாங்கிவந்தார். மலைக்கோட்டைப் பாறை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நீ எலும்பைக் கடித்துக்கொண்டே, "ஒண்ணுமில்லைன்னு சொன்னதுக்கு இம்புட்டுக் கறியா? ஏதாச்சும் இருக்குன்னு சொல்லியிருந்தா எங்கப்பா என்னப் பட்டினியில்ல போட்டிருப்பாரு" என்றாய். மாமா சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார். அத்தை மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கோட்டையைப் பார்த்தபடி இருந்தார். அது நிம்மதியா, வேறு எதுவுமா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

கீரனூரில் நீ நன்றாகத்தான் இருந்தாய். ஒரு பொங்கலுக்கு வந்து உன்னைப் பார்த்தேன். அதற்குள் உன் பேச்சில் 'ங்க' ஏறியிருந்தது. "வாங்க மதினி, உக்காருங்க" என்றாய். நான் முறைத்தேன். "ஏய், போதும் உன் மரியாதை" என்றதும் பழையபடி சிரித்தாய். உன் வீட்டுக்காரர் உன்னை ஓடவேண்டாம் என்று சொல்லவில்லை, யாரும் அவரிடம் அப்படிச் சொல்லச் சொல்லவும் இல்லை. ஆனால் சாவியின் கதையை நீ அவரிடம் ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தாய். அவர் அதைப் பயபக்தியோடு கேட்டுவைத்திருந்தார்.

நீ போன செய்தி திண்டுக்கல்லில் என் மாமியார் வீட்டுக்கு வந்தது. எனக்கும் கல்யாணமாகி அங்கே வந்திருந்தேன். நாங்கள் பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தபோது உன்னைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். எல்லாம் முடிந்தபின் உன் வீட்டுக்காரர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கண்ணில் நீர் இல்லை. அவரும் குழம்பிப்போயிருந்தார்.

"கன்னுக்குட்டி கவுத்த அத்துக்கிட்டு ஓடுச்சுங்க. இவ சிரிச்சுக்கிட்டே பொறத்தால ஓடுனா. களத்துல விழுந்துட்டா. நாங்க பதறுலைங்க. அவதான் சொல்லியிருந்தாளே, பதறாதீங்க, சாவியக் கையில குடுங்க, நான் எந்திரிச்சுக்குவேன்னு. சாவியக் குடுத்தோம். சித்த நேரத்துல எந்திரிச்சுருவான்னு பக்கத்துலயே உக்காந்திருந்தமுங்க. எங்கம்மா வெயில் படாம முந்தானையப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. எப்பவும் எந்திரிக்கறவதானுங்களே?"

அவர் மடியிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "இது உங்க பக்கத்துப் பொருள். நீங்களே வச்சுக்குங்க" என்றார்.

நான் திண்டுக்கல் திரும்பியதும் மாமியார் வாசலிலேயே ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். அத்தை மகள்தானே, பங்காளி இல்லையே, தீட்டில்லை என்றார். அன்று பொழுது சாய்ந்ததும் விளக்கேற்றச் சொன்னார். ஏற்றினேன். என் கை அந்த விளக்குக்குத் திரி போட்டதும் எண்ணெய் ஊற்றியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வழக்கம் அதுதான், மாமியாரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு ஒருநாள் அத்தையிடம் கேட்டேன். அந்த டாக்டர் கேட்டபோது அப்பாவைச் சொல்லியிருக்கலாமே என்று. அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஒங்கப்பன முனியில்ல அடிச்சுச்சு? இவ கன்னுக்குட்டி பின்னாடி ஓடி விழுந்தா. ரெண்டுக்கும் என்னடி சம்பந்தம்?" என்றார். பிறகு, "நான் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டவ. எங்கண்ணன் சாவு அந்த வீட்டுச் சாவாகுமா?" என்று கேட்டார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது. அத்தை கடைசிவரை ஒரு நாள் கூட மயங்கி விழுந்ததில்லை. வயதாகி உடம்பு தளர்ந்துதான் போனார். அதுவும் ஒரு குழப்பம்.

இப்போது நேற்றைக்கு வருகிறேன். மதுரை டாக்டரம்மா என் மகளின் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரிடம் கேட்டார். "குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?" வார்த்தை கூட மாறவில்லை. என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். விரலை மடக்கத் தொடங்கினார். "எங்க வகையறாவுல..." என்று அவர் ஆரம்பித்ததும் நான் மறுபடியும் அந்தத் திண்டுக்கல் அறைக்குள் போய்விட்டேன். நாற்காலியில் மாமா உட்கார்ந்திருக்கிறார், கதவோரத்தில் அத்தை நிற்கிறார், இப்போது அத்தையின் இடத்தில் நான் நிற்கிறேன்.

ஆனால் இந்த டாக்டரம்மா அவர் முடிக்கும்வரை கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. உங்க பொறந்த வீட்டுல?"

"எங்கப்பா. கிணத்துல."

"நீச்சல் தெரியாதா?"

"ஊருலயே அவரு மாதிரி ஆளில்லைங்க."

அவர் பேனாவை எடுத்தார். "வேற யாரு?"

உன்னைச் சொன்னேன். பஸ், வேட்டு, கன்றுக்குட்டி எல்லாம் சொன்னேன். என் வீட்டுக்காரர் இடையில், "அது இவ அத்தை மகதானேங்க, அவங்க வேற குடும்பமில்ல?" என்றார். "அவங்கதான் எனக்கு வேணும்" என்றார் டாக்டரம்மா. ஒரு தாளில் வட்டமும் கட்டமுமாகப் போட்டு, உன்னையும் அப்பாவையும் என் மகளையும் கோடு இழுத்துச் சேர்த்தார். எல்லாக் கோடும் அத்தை வழியாகவோ என் வழியாகவோதான் போயின. அதைப் பார்த்துவிட்டுத்தான் என்னையும் கட்டிலில் படுக்கச் சொன்னார்.

என் காகிதமும் மகளுடையதைப் போலவே வந்தது. ஒரு துடிப்பு முடிந்து அடுத்த துடிப்புக்குத் தயாராக இதயம் எடுத்துக்கொள்கிற நேரம் எங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாம். அந்த நேரத்தில் ஓட்டமோ பயமோ வந்து மோதினால் துடிப்பு தாறுமாறாகிவிடுமாம். சில நேரம் தானாகவே சரியாகும், எழுந்துவிடுவார்கள். சில நேரம் ஆகாது.

"அப்ப நான் ஏன் விழுகலை?" என்று கேட்டேன். நானும் அந்த பஸ்ஸுக்கு உன்னோடு ஓடியவள்தானே? நானும் அந்த வேட்டுச் சத்தத்தைக் கேட்டவள்தானே?

"தெரியலம்மா" என்றார். "ஒரே கோடு இருக்கிற எல்லாருக்கும் ஒரே மாதிரி வராது. யாருக்கு வரும்னு முன்னாலேயே கண்டுபிடிக்கத்தான் பாடுபடுறோம். ஏற்கெனவே மயங்கி விழுந்தவங்கள முதல்ல பாப்போம். அவங்களுக்குத்தான் அபாயம் கூடுதல். அவங்க விழுந்ததையே பெரிய எச்சரிக்கையா எடுத்துக்கணும்."

பார்த்தாயா? நாங்கள் நீ எழுந்திருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் நீ விழுந்ததைப் பார்க்கச் சொல்கிறார்.

இன்னொன்றும் கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்தக் காலத்திலேயே இதைச் சொல்லியிருந்தால் உன்னைக் காப்பாற்றியிருக்கலாமா என்று. இப்போது இருக்கிற மாத்திரை அப்போது இல்லையாம். ஓடாதே, நீந்தாதே, கூட்டத்துக்குப் போகாதே, வேட்டுப் போடுகிற இடத்தில் நிற்காதே என்று சொல்லியிருப்பார்களாம். கல்யாணமும் நடந்திருக்காது. இதைக் கேட்டு நான் ஆறுதல் பட வேண்டுமா, அழ வேண்டுமா? ஓடாத உன்னை எனக்குத் தெரியாது. ஆனால் ஓடாமல் ஒரு மூலையில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருக்கும் ஒரு கிழட்டு மதினி எனக்கு இருந்திருந்தால் வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? இரண்டும் மாறி மாறி வருகிறது. ஒன்றிலும் நிலையாக நிற்க முடியவில்லை.

மகளுக்குத் தினமும் மாத்திரை, பந்தயம் கிடையாது, கிணறு கிடையாது. பெரியவளையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். உன் அம்மா வழியில் மிச்சமிருக்கும் உறவு எல்லோருக்கும் சொல்லி அனுப்பச் சொல்லியிருக்கிறார். கீரனூரில் உன் வீட்டுக்காரருக்கும் எழுத வேண்டும். எப்பவும் எழுந்திருக்கிறவள்தானே என்று அன்று கேட்டாரே, அதற்கு இப்போது ஒரு பதில் இருக்கிறது. அதை அவருக்குத் தெரியப்படுத்துவது நல்லதா என்பதுதான் தெரியவில்லை.

நர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். அது எதையும் திறக்காது, யாரையும் எழுப்பியதும் இல்லை என்று எனக்கு இப்போது தெரியும். இருந்தும் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். ஏன் என்று கேட்காதே. உன் நெஞ்சில் இருந்தது என் நெஞ்சிலும் இருக்கிறது என்று காகிதத்தில் வந்துவிட்டது. அதைக் கழற்றி யார் கையிலும் கொடுக்க முடியாது. சாவியாவது கையில் தட்டுப்படுகிறது.

திரும்பி வரும் பஸ்ஸில் மகள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அவள் மூச்சையே பார்த்துக்கொண்டு வந்தேன். திண்டுக்கல் பாறை தூரத்தில் தெரிந்ததும் எழுப்பினேன், உடனே கண்ணைத் திறந்தாள். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். கை கால் கழுவிவிட்டு நான் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். இருட்டிக்கொண்டு வந்தது. மகள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா, இன்னும் வெளக்கு ஏத்தல?"

"ஏத்தக்கூடாது. தீட்டு."

"தீட்டா? யாரு செத்தா?"

"நம்ம குடும்பத்துல ஒருத்தி" என்றேன்.